அண்ணே... உங்க அட்ரஸ் என்ன?

விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் அடித்தால் நம்ம ஊரில் இரண்டே காரணம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரனுக்கு நேர வித்தியாசம் மறந்துவிட்டது.

2025 அக்டோபரில் ஒரு நாள் அடித்தது இரண்டாவது வகை. சித்தி மகன். நியூ ஜெர்ஸியில் சாஃப்ட்வேர் வேலை.

"அண்ணா... ஒரு தப்பு பண்ணிட்டேன்ணா."

எனக்குத் தூக்கம் போயே போச்சு. வேலை போச்சா? காரை எங்காவது இடித்துவிட்டானா? இல்லை, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அதைச் சித்தியிடம் நான் சொல்ல வேண்டுமா? சித்தி கையில் அப்போது என்னென்ன பாத்திரங்கள் இருக்கக்கூடும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன்.

"வீடு மாறினேன்ணா. கவர்மெண்டுக்குச் சொல்ல மறந்துட்டேன்."

அடப்பாவி! வீடு மாறினால் பால்காரரிடம் சொல்வோம், கேஸ் ஏஜென்ஸியில் சொல்வோம். கடன் கொடுத்தவனிடம் மட்டும் சொல்ல மாட்டோம். கவர்மெண்டிடம் எதற்கடா சொல்லணும்?

சொல்லணுமாம். அமெரிக்கக் குடிமகன் அல்லாத எவரும் (ஒருசில தூதரக வகையறாக்கள் நீங்கலாக) ஜாகை மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 'ஏ.ஆர். 11' என்று ஒரு படிவம். கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டரிலேயே பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நம்ம ஆள் மாறியது பதினான்கு மாதம் முன்னால். அதுவும் எங்கே? ஒரே காம்பௌண்டில் 'ஏ' பிளாக்கிலிருந்து 'டி' பிளாக்குக்கு! சோபாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்களாம்.

"என்ன பண்ணுவாங்கடா?"

"அபராதம் போடலாம், 30 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம், நாட்டை விட்டே அனுப்பலாம்னு சட்டத்துல இருக்குண்ணா. வேணும்னே செய்யலை, நியாயமான காரணம் இருக்குன்னு காட்டினா தப்பிக்கலாமாம். இத்தனை வருஷமா ஒருத்தரும் கண்டுக்கலை. இப்பத்தான் எல்லாத்தையும் தோண்டுறாங்க."

அவன் பயப்பட்டதில் அர்த்தம் உண்டு. வெளிநாட்டுக்காரர்களைக் கணக்கெடுக்கும் இந்தச் சட்டம் 1940-ல் வந்தது. தபாலாபீஸில் போய்க் கைரேகை வைத்துப் பதிந்தார்களாம். அப்புறம் ஒவ்வொரு ஜனவரியிலும் 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று விலாசம் தெரிவிக்கும் வழக்கம் வந்து, 1981-ல் எடுக்கப்பட்டது. வீடு மாறினால் சொல்லும் விதி மட்டும் சட்டப் புத்தகத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் அதைத் தட்டி எழுப்பினார்கள். அப்போதுதான் ஒரு வேடிக்கை வெளியே வந்தது. ஜனங்கள் ஒழுங்காக அனுப்பியிருந்த படிவங்களே பெட்டி பெட்டியாக, கேன்ஸஸ் சிட்டி பக்கம் ஒரு நிலத்தடிக் கிடங்கில் பிரிக்கப்படாமல் கிடந்தன!

ஆனால் 2025 ஏப்ரல் 11 முதல் பதிவு விஷயத்தில் மறுபடி கெடுபிடி. பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டார்கள்.

"லேட்டானாலும் பரவாயில்லை, இப்பவே அனுப்புடா. வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று புத்திமதி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வான்?

சிரிக்காத ஒரு மனிதர்

அடுத்த வாரம் வடக்கனந்தல் போயிருந்தேன். எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் ஏறி, கல்வராயன் மலை கண்ணுக்குப் பக்கத்தில் வரும்போது இறங்க வேண்டும். கோமுகி அணைத் தண்ணீர், கரும்பு, மரவள்ளி, சர்க்கரை ஆலை லாரி... இவ்வளவுதான் ஊர்.

டீக்கடையில் இந்தக் கதையை எடுத்து விட்டேன். 'ஏ' பிளாக், 'டி' பிளாக் சமாசாரம் வந்ததும் பெஞ்சே குலுங்கியது. ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

"பத்து நாள் தர்றாங்களா தம்பி? பரவாயில்லையே" என்றார்.

எங்க ஊரில் அவரை 'சிலோன்காரர்' என்பார்கள். எனக்கு அண்ணன். போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் சுத்துப்பட்டு கிராமங்களில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கரும்புக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் மோட்டார் புகைந்தால், பெரிய பெரிய மிராசெல்லாம் அவர் வாசலில் வந்து நிற்கும். தலைமன்னார் பக்கத்திலிருந்து 1990-ல் படகில் ஏறி வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த வருஷம் ஜூனில் அங்கே சண்டை மறுபடி மூண்டு, கூட்டம் கூட்டமாக ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்களே, அதில் ஒருத்தர். முப்பத்தைந்து வருஷத்தில் பேச்செல்லாம் எங்க ஊர்ப் பேச்சாகிவிட்டது. 'ஆமாம்' சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இன்னும் 'ஓம்' என்பார்.

மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வெளியே தங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்து வந்தவர். இதற்கு 'வெளிப்பதிவு' என்று பெயர். எங்கள் பக்கம் சின்னசேலத்திலேயே ஒரு முகாம் உண்டு. முகாமில் இருப்பவர்களுக்குப் பணக்கொடை, அரிசி உண்டு. ஆனால் இரவு அங்கே இருந்தாக வேண்டும், கணக்கெடுப்பில் ஆள் நிற்க வேண்டும். வெளிப்பதிவுக்காரருக்கு அந்தக் கொடை கிடையாது. பதிலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பெயரும் விலாசமும் பதிந்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீடு மாறினால் பழைய ஸ்டேஷனில் சொல்லி, புது ஸ்டேஷனில் மறுபடி பதிய வேண்டும்.

எத்தனை பேர் இப்படி? 2021 ஆகஸ்டில் சட்டசபையில் முதலமைச்சர் சொன்ன கணக்கு இது: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அன்றைக்கு 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். வெளிப்பதிவில் 34,087 பேர். முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியதும் அப்போதுதான். பெயர் மாறியது நல்ல விஷயம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் 'வெளிநாட்டவர்'. அகதிகளுக்கான 1951-ம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான். இலங்கை இல்லை.

அண்ணன் மகள் கள்ளக்குறிச்சியில் பிறந்தவள். 2001. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கடலையே ஒரே ஒரு தடவை, காலேஜ் டூரில் பாண்டிச்சேரியில் பார்த்தவள். அவளும் வெளிநாட்டவர்தான்! 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பே குடியுரிமை. அதற்குப் பிறகென்றால் அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து அது இன்னும் இறுகிவிட்டது.

வீடு நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது!

"நான் ஒரு வீட்டுலதான் தம்பி இருந்தேன். ஆனா என் அட்ரஸ் மூணு தடவை மாறிடுச்சு" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். உண்மைதான். அவர் எங்க ஊருக்கு வந்தபோது அது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-ல் தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது வெறும் விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஒவ்வொரு தடவையும் அவர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சோபாவைக்கூட நகர்த்தவில்லை, பாவம்.

அந்த 'ஒரு வீடு' எது தெரியுமா? எங்க வீடு. தெற்குப் பக்கத்து போர்ஷன்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சிலோன்காரர் என்றாலே வீடு கிடைக்காத காலம். அப்பா 1993-ல் அவருக்கு போர்ஷனைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. மோட்டார் ரிப்பேர் இலவசமாக நடக்கும் என்பதற்காக என்று அம்மா ஒரு காரணம் சொல்வாள்.

இப்போது என் குட்டு. அப்பா 2018-ல் தவறிவிட்டார். நானும் அண்ணனும் (இது சொந்த அண்ணன்) கலந்து பேசி, பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவு செய்தோம். 2025 ஆகஸ்டில் அவரிடம் போய், "அண்ணே, வேற வீடு பாத்துக்கணும்" என்று சொன்னது நான்தான். எட்டுப் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"ஓம் தம்பி. அப்பா இருந்தாலும் செஞ்சிருப்பார். ஒரு லெட்டர் மட்டும் வேணும்."

"என்ன லெட்டர்ணே?"

"இன்னதேதி வரை இங்க இருந்தேன்னு."

"அதுக்கென்ன, மெட்ராஸ் போனதும் அனுப்பறேன்."

அனுப்பினேனா? கட்டுரைக்குக் கெடு, கல்யாணம், காய்ச்சல்... மறந்தே போனேன். அதாவது, 'ஏ' பிளாக் தம்பிக்கு விடியற்காலையில் புத்திமதி சொன்ன அதே நான், எட்டு வாரமாக அண்ணன் லெட்டரை எழுதவில்லை. டீக்கடையில் அவர் 'பத்து நாள் பரவாயில்லையே' என்றபோது எனக்கு டீ தொண்டைக்குள் இறங்கவில்லை.

நடுவில் சட்டம் வேறு மாறியிருந்தது. 1939-ம் வருஷத்து வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் உள்பட நாலு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 என்று ஒன்று செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். கூடவே ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்த, பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனை பொருந்தாது.

குடியுரிமை இல்லை. ஆனாலும் தலைக்கு மேல் தொங்கின கத்தி கொஞ்சம் விலகின மாதிரி. அண்ணன் அந்தப் பேப்பர் துண்டைக் கத்தரித்து வைத்திருந்தார். ஒரு வார்த்தையின் கீழே பேனாவால் கோடு. 'பதிவு செய்துள்ள'.

"தம்பி, நான் இப்ப உங்க வீட்டை விட்டு வந்துட்டேன். மகளுக்கு வேலைக்குப் போக வசதியா கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு. பழைய எடத்துல இல்லை, புது எடத்துல இன்னும் எழுதலை. நடுவுல நிக்கிறேன். இது பதிவா, பதிவு இல்லையா?"

டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். இதற்கு எந்த லெட்ஜரில் பதில் இருக்கிறது?

மஞ்சள் பை

அன்றைக்கே கிளம்பினோம். அண்ணன் கையில் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் ஒரு மஞ்சள் பை, அதற்குள் இன்னொரு பாலிதீன் கவர். 1990-ல் கரையில் கொடுத்த முதல் துண்டுச் சீட்டிலிருந்து ஒன்றுவிடாமல் வருஷவாரியாக அடுக்கியிருந்தார். பி.காம்.மில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி இல்லை. அந்தப் பாடத்தில் நான் 42 மார்க். அண்ணன் சென்டம்.

புரட்டிக்கொண்டே வந்தேன். வருஷத்துக்கு ஒரு லெட்டர், அப்பா கையெழுத்தில். 1993 முதல் 2018 வரை இருபத்தாறு. எல்லாம் ஒரே வாசகம். இன்னார் என் வீட்டுத் தெற்கு போர்ஷனில் குடியிருக்கிறார். கடைசி வரி மட்டும் யாரும் கேட்காமலே அப்பாவாகச் சேர்த்தது: 'இவருக்கு நான் பொறுப்பு.'

கடைசி லெட்டரில் கையெழுத்து நடுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கையிலிருந்து போட்டதாம். அதற்கப்புறம் அம்மாவின் கோழிக்கிறுக்கல் கையெழுத்துகள். எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் மெட்ராஸில் மற்றவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

பழைய ஸ்டேஷனில் பத்து நிமிஷம்தான். ரைட்டர் அண்ணனைப் பார்த்ததும், "வாய்யா, எங்க வீட்டு மோட்டார் மறுபடி சத்தம் போடுது" என்றார். வீட்டுக்காரர் என்கிற முறையில் அங்கேயே நான் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். எட்டு வாரம் இழுத்த வேலை எட்டு வரிதான்.

சிக்கல் புது வீட்டுக்காரரிடம். ரிடையரான மனிதர், நல்ல மனிதரும்கூட. வாடகை சரி, அட்வான்ஸ் சரி. 'ஸ்டேஷனுக்கு லெட்டர்' என்றதும் முகம் பியூஸ் போன பல்பு மாதிரி ஆகிவிட்டது.

"போலீஸ் சமாசாரம் வேணாம் ஸார். லெட்டர் இல்லாம இருக்கிறதுன்னா இருக்கட்டும்."

அண்ணன் ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையை மடித்தார். இருபத்துநாலு வயது மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன். "ஸார், லெட்டர் கொடுத்தா பிரச்னை இல்லை. கொடுக்காட்டிதான் பிரச்னை. வெளிநாட்டுக்காரங்களைத் தங்க வெச்சா 24 மணி நேரத்துல தகவல் சொல்றது லாட்ஜுக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் கடமை. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, 'நான் எழுதிக் கொடுத்திருக்கேனே'ன்னு நீங்க நெஞ்சை நிமித்திக்கலாம்." அப்புறம் பையைப் பிரித்து இருபத்தாறு லெட்டரையும் அவர் முன்னால் வைத்தேன்.

ரிடையரான மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. கடைசியில், "உங்கப்பா நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா 'நான் பொறுப்பு'ன்னு நான் எழுத முடியாது. இவரை எனக்கு ரெண்டு வாரமாத்தானே தெரியும்?" என்றார். நியாயம்தானே!

"நீங்க மேல எழுதுங்க ஸார். கடைசி வரியை நான் எழுதறேன்."

எழுதினேன். அவர் கையெழுத்துக்குக் கீழே என் பெயர், என் விலாசம், என் போன் நம்பர். சட்டப்படி அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியாது. எங்க வீட்டு வழக்கம், அவ்வளவுதான்.

புது ஸ்டேஷனில் பதிந்தாயிற்று. 'நடுவில் நின்ற' நாட்களை யாரும் கேட்கவில்லை. சித்தி மகனுக்கும் 'ஏ.ஆர். 11' போய், ஒப்புகையும் வந்துவிட்டது. ஜெயிலுக்கு யாரும் போகவில்லை.

கட்டம் கட்டிப் படியுங்கள்

* வெளிநாட்டில் வேலைக்குப் போகிற தம்பிகளே! அமெரிக்காவில் வீடு மாறினால் 10 நாள். ஜெர்மனியில் இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிவு. அங்கே ஜெர்மன்காரனும் பதிந்தே ஆக வேண்டும். ஜப்பானில் 14 நாள். சிங்கப்பூரில் நிரந்தரவாசி என்றால் 28 நாள். பிரிட்டனில் போலீஸில் பதிகிற வழக்கத்தை மட்டும் 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

* இங்கே 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிற வெளிநாட்டவர் பொதுவாக 14 நாளுக்குள் பதிய வேண்டும். மாவட்டங்களில் எஸ்.பி. ஆபீஸ்தான் பதிவு அதிகாரி. கம்ப்யூட்டர் வழியாகவும் செய்யலாம். ஓ.சி.ஐ. கார்டோடு ஊருக்குத் திரும்பி செட்டிலான அமெரிக்க மாமாக்களும் வீடு மாறினால் சொல்ல வேண்டும்.

* எங்கே எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். வாங்கியதைத் தொலைக்காதீர்கள். மஞ்சள் பை கிடைக்கும் இடம், எந்தக் கல்யாண வீடும்.

* வீட்டுக்காரர்களே! குடித்தனக்காரர் லெட்டர் கேட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். எட்டு வரிதான். (இது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.)

திரும்பி வரும்போது அண்ணன் ஜெராக்ஸ் கடையில் நின்றார். புதுச் சீட்டை நாலு காப்பி எடுத்தார்.

"எதுக்குண்ணே நாலு? ஒண்ணு போதாதா?"

"போதும்தான் தம்பி. ஆனா மறுபடி மாவட்டம் பிரிச்சாங்கன்னா?"